சேலத்தில் கடன், சார்ஜாவில் வேலை: கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேட்டவரின் நிலைமையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொண்டலாம்பட்டிப் பக்கம், 31 வயது. கொலுசுப் பட்டறை வைத்திருந்தார். வெள்ளி விலை ஏறி, ஆர்டர் குறைந்து, பட்டறையை மூடிவிட்டார். வங்கியில் தனிநபர் கடன் பாக்கி நாலரை லட்சம், கிரெடிட் கார்டில் ஒன்றேகால் லட்சம். செவ்வாய்ப்பேட்டையில் அப்பாவுக்குப் பழக்கமான ஒரு பெரியவரிடம் ரெண்டு வட்டிக்கு மூன்று லட்சம். அதற்கு ஒரு புரோநோட்டும், தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட இரண்டு செக்கும் கொடுத்திருக்கிறார். பதிவு பெற்ற சீட்டுக் கம்பெனியில் ஏற்கெனவே எடுத்துவிட்ட இரண்டு லட்ச ரூபாய்ச் சீட்டுக்கு மாதம் ஐயாயிரம் வீதம் இன்னும் பதினெட்டுத் தவணை பாக்கி. சீட்டுக்கு ஜாமீன் போட்டவர் தாய்மாமா, அரசுப் பள்ளி ஆசிரியர். இப்போது சார்ஜாவில் ஒரு நகைப் பட்டறையில் வேலை கிடைத்து, அடுத்த மாதம் கிளம்ப வேண்டும். ஏர்போர்ட்டில் நிறுத்துவார்களா, மூன்று வருஷம் அங்கேயே இருந்துவிட்டால் கடன் காலாவதியாகிவிடுமா, அப்பாவைப் பிடிப்பார்களா, வீட்டில் தன் பங்கைத் தங்கை பேருக்கு எழுதிவிட்டுப் போகலாமா என்று கேட்கிறார்.

தம்பி, நான் சேலம் கோர்ட்டில் இருபத்தாறு வருஷமாக சிவில் வழக்கும் செக் வழக்கும் பார்க்கிறவன். கடன் கொடுத்தவர் பக்கமும் நின்றிருக்கிறேன், வாங்கியவர் பக்கமும் நின்றிருக்கிறேன். நீங்கள் பயப்படுவது ஒரு இடத்தில், ஆபத்து இருப்பது வேறு இடத்தில். அதனால் உங்கள் வரிசையிலேயே போகிறேன்.

ஏர்போர்ட் விஷயம். வங்கிக்கும் தெரிந்தவருக்கும் பணம் பாக்கி என்பதற்காக மட்டும் இமிக்ரேஷன் கவுண்டரில் யாரையும் நிறுத்துவதில்லை. நம் நாட்டில் கடன் பாக்கி சிவில் விவகாரம், குற்றம் அல்ல. ஊரில் இந்தப் பயம் எப்படி வந்தது என்றால், வளைகுடாவில் இருந்து வந்த கதைகளால். அங்கே கடன் பாக்கி வைத்தவருக்குப் பயணத் தடை வாங்க முடியும். துபாயில் கிளம்பும்போது பிடித்தார்கள் என்று யாரோ சொன்னதை நம் ஆட்கள் கோயம்புத்தூர் ஏர்போர்ட்டுக்கும் சேர்த்துப் புரிந்துகொண்டார்கள். 'லுக் அவுட் சர்க்குலர்', அதாவது ஆளை ஏர்போர்ட்டில் நிறுத்தச் சொல்லும் சுற்றறிக்கை, என்று பேப்பரில் படிப்பதெல்லாம் பெரும்பாலும் கோடிக்கணக்கில் ஏமாற்றிய வழக்குகளில் வருவது. பொதுத்துறை வங்கித் தலைவர்களே அதைக் கேட்கலாம் என்று 2018-இல் ஓர் ஏற்பாடு வந்தது. 2024 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. நாலரை லட்சத்துக்கு அந்தக் கவலையே வேண்டாம்.

ஆனால் ஒரு விதியைச் சொல்லாமல் விட முடியாது. சிவில் நடைமுறைச் சட்டத்தில் 38-ஆவது கட்டளை என்று ஒன்று உண்டு. வழக்குப் போட்டவர், 'பிரதிவாதி இந்தியாவை விட்டே போகப் போகிறார், போய்விட்டால் எனக்கு டிகிரி (பணம் கட்டச் சொல்லும் தீர்ப்பாணை) கிடைத்தாலும் வசூல் செய்ய முடியாது' என்று பிரமாணப் பத்திரம் போட்டு, அதைக் கோர்ட் நம்பினால், தீர்ப்புக்கு முன்பே உங்களைக் கூட்டிவரச் சொல்லி வாரண்ட் போடலாம். அங்கே நீங்கள் ஜாமீன் கட்ட வேண்டும், அல்லது வாரண்ட் கொண்டுவரும் கோர்ட் ஊழியரான அமீனாவிடமே வழக்குத் தொகையைக் கொடுத்துவிட வேண்டும். என் அனுபவத்தில் இப்படி நடந்தது விரல் விட்டு எண்ணும் அளவுதான். நடந்த எல்லாவற்றிலும் ஓர் ஒற்றுமை இருந்தது: கடன் கொடுத்தவருக்கு விஷயம் மூன்றாவது ஆள் மூலம் தெரிந்தது. டீக்கடையில் 'உங்க ஆளு இருபதாம் தேதி ஃப்ளைட் ஏறுறானாமே' என்று கேட்டுவிட்டு நேராக வக்கீலிடம் வருவார்கள். அதே செய்தியை உங்கள் வாயால் கேட்டிருந்தால் முக்கால்வாசிப் பேர் வந்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது மூன்று வருஷக் கணக்கு. இது சேலத்தில் எல்லோரும் நம்பும் அரைகுறைச் சட்டம். புரோநோட்டு எழுதிய தேதியிலிருந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போடாவிட்டால் அது செல்லாக்காசு என்பது உண்மைதான். ஆனால் அதே 1963-ஆம் வருஷத்து காலவரையறைச் சட்டத்தில் 15-ஆவது பிரிவின் ஐந்தாவது உட்பிரிவு இருக்கிறது. பிரதிவாதி இந்தியாவுக்கு வெளியே இருந்த காலத்தைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் பார்க்க வேண்டும் என்கிறது அது. அதாவது, புரோநோட்டு எழுதி ரெண்டு வருஷம் ஆன பிறகு நீங்கள் ஃப்ளைட் ஏறினால், கடிகாரம் அங்கேயே நின்றுவிடும். எட்டு வருஷம் கழித்து ஊருக்கு வந்து நாற்பது நாள் தங்கினால் அந்த நாற்பது நாள்தான் ஓடும். பெரியவர் கையில் இன்னும் பத்து மாதத்துக்கு மேல் மிச்சம் இருக்கும். ஊரிலேயே ஒளிந்திருப்பவனுக்காவது நாள் ஓடும். வெளிநாட்டில் ஒளிந்திருப்பவனுக்கு அதுவும் ஓடாது. அங்கே போய் 'டைம்பார்' ஆகட்டும் என்று காத்திருப்பது, கரண்ட் இல்லாத வீட்டில் ஃபேன் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது மாதிரி.

அவர் அதுவரை சும்மா இருப்பார் என்பதும் கற்பனை. முன்பு நூற்றுக்கு ஏழரை ரூபாய் கோர்ட் ஃபீஸ் இருந்தது. மூன்று லட்சத்துக்கு வழக்குப் போட 22,500 கட்ட வேண்டும் என்றால் யாரும் இரண்டு முறை யோசிப்பார்கள். 2017-இல் தமிழக அரசு அதை மூன்று ரூபாயாகக் குறைத்தது. இப்போது ஒன்பதாயிரம்தான். நீங்கள் இல்லாவிட்டால் சம்மனை வீட்டுக் கதவில் ஒட்டுவார்கள், பேப்பரில் விளம்பரம் கொடுப்பார்கள், நீங்கள் வராமலே தீர்ப்பாகி எக்ஸ்பார்ட்டி டிகிரி ஆகிவிடும். அந்த டிகிரிக்கு ஆயுள் பன்னிரண்டு வருஷம். டிகிரிக்குப் பணம் கட்டாதவரை மூன்று மாதம் வரை சிவில் சிறையில் வைக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. கையில் காசே இல்லாதவனை அப்படி உள்ளே தள்ளக் கூடாது என்று 1980-இல் உச்ச நீதிமன்றம், நீதிபதி கிருஷ்ண ஐயர் எழுதிய தீர்ப்பில், சொல்லியிருக்கிறது. கட்ட வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்டாதவனுக்குத்தான் சிறை. இதில் உங்களுக்கு ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. இன்று பட்டறையை மூடிவிட்டு நிற்கும் உங்களுக்கு அந்தத் தீர்ப்பு ஒரு குடை. மாதாமாதம் திர்ஹத்தில் சம்பளம் வாங்கும் உங்களுக்கு அது குடை ஆகாது.

இப்போது நிஜமான ஆபத்துக்கு வருகிறேன்: அந்த இரண்டு செக்.

'தொகை எழுதவில்லையே, வெறும் கையெழுத்துத்தானே' என்று நினைக்காதீர்கள். கடனுக்காகக் கொடுத்த செக்கில் கையெழுத்து உங்களுடையதாக இருந்தால், மற்றதை யார் நிரப்பினாலும் செக் வழக்கு நிற்கும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கணக்கை மூடினாலும், 'ஸ்டாப் பேமென்ட்' கொடுத்தாலும் தப்ப முடியாது. செக் திரும்பியதாக வங்கி தகவல் கொடுத்த 30 நாளுக்குள் அவர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாளுக்குள் நீங்கள் பணம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். தண்டனை இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். 2018-இல் வந்த திருத்தத்தின்படி, வழக்கு நடக்கும்போதே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடாகக் கொடுக்கச் சொல்லவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு.

நோட்டீஸ் வரும்போது நீங்கள் சார்ஜாவில் இருப்பீர்கள். போஸ்ட்மேன் வந்து 'ஆள் இல்லை' என்று எழுதித் திருப்பிவிடுவார். சரியான விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் போன நோட்டீஸ், வாங்கியதாகவே கருதப்படும். வீட்டில் அம்மா 'அவன் ஊர்ல இல்லைங்க' என்று நல்லெண்ணத்தில் சொல்லி அனுப்புவதுதான் பல வழக்குகளின் முதல் பக்கம்.

அம்மாபேட்டையில் தறி வைத்திருந்த ஒருவர் இப்படித்தான் மஸ்கட் போனார். செக் 1,80,000 ரூபாய்க்கு. நோட்டீஸ் திரும்பியது, சம்மன் திரும்பியது, கடைசியில் ஜாமீனில் வர முடியாத பிடிவாரண்ட். போலீஸ் வீட்டுக்கு ஒருமுறை வந்து கேட்டுவிட்டுப் போய்விட்டது. பிறகு வருஷக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை, அவரும் மறந்துவிட்டார். பாஸ்போர்ட் பத்து வருஷம் முடியும் தறுவாயில் புதுப்பிக்க அங்கே தூதரகத்தில் விண்ணப்பித்தார். விசாரணை அம்மாபேட்டை விலாசத்துக்கு வந்தது. நிலுவையில் குற்ற வழக்கும் வாரண்டும் இருப்பதாக இங்கிருந்து அறிக்கை போனது. அவ்வளவுதான். குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கவும், வாரண்ட் இருந்தால் முடக்கவும் 1967-ஆம் வருஷத்து பாஸ்போர்ட் சட்டத்தில் இடம் இருக்கிறது. கோர்ட்டில் அனுமதி வாங்கி வா என்றார்கள். அனுமதி வேண்டுமானால் முதலில் வாரண்டை ரத்து செய்ய வேண்டும். அதற்கு நேரில் வர வேண்டும்.

பழைய பாஸ்போர்ட்டில் மிச்சம் இருந்த சில வாரங்களை வைத்துக்கொண்டு ஓடி வந்தார். காலை பத்தரைக்கு அஸ்தம்பட்டி கோர்ட் வராந்தாவில் வந்து நின்றார். நல்ல சட்டை, அத்தர் வாசனை, கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபோல்டர். பெயர் கூப்பிடும்போது மதியம் மூன்று. அதுவரை அவர் உட்காரவே இல்லை. எதிர்த்தரப்புக்கு அவருடைய விசா எப்போது முடிகிறது என்பது வரை தெரிந்திருந்தது. 1,80,000 கடனை 3,40,000 கொடுத்து ராஜி செய்தோம். பேரம் பேச அவருக்கு நாள் இல்லை.

இதில் கொடுமை என்னவென்றால், அவர் போகும் முன் ஒரு வக்கீலுக்கு வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால், நேரில் ஆஜராவதிலிருந்து விலக்குக் கேட்டு மனுப் போட்டு, வாரண்டே வராமல் வழக்கைக் கொண்டுபோயிருக்கலாம். வெளிநாட்டில் வேலை பார்க்கிறவருக்கு அந்த விலக்குக் கேட்பது ஒன்றும் அதிசயம் இல்லை.

கூடவே ஒன்று. வங்கித் தவணைக்கு நீங்கள் எழுதிக் கொடுத்திருக்கும் தானியங்கிப் பற்று உத்தரவு திரும்பினாலும் செக் திரும்பியதற்குச் சமமான தண்டனை உண்டு. 2007-ஆம் வருஷத்துச் சட்டம் அது. 'செக்தான் கொடுக்கலையே' என்று கணக்கைக் காலி செய்துவிட்டுப் போகிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

அப்பாவைப் பிடிப்பார்களா? அப்பா எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை என்றால் ஒரு ரூபாய்கூட அவர் கட்ட வேண்டியதில்லை. மகன் கடனுக்கு அப்பா பொறுப்பு என்று எந்தச் சட்டமும் இல்லை. வசூல் ஆட்கள் காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஏழு மணிக்குப் பிறகும் கூப்பிடக் கூடாது, உறவினர்களை மிரட்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் எழுத்தில் சொல்லியிருக்கிறது. மீறினால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார். முப்பது நாளில் பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு. இதை அப்பாவுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். தெரு முனையில் பைக் நிற்கும்போது சட்டப் பிரிவு ஞாபகம் வராது. அந்தத் தாள் சட்டைப் பையில் இருந்தால் ஒரு தெம்பு.

ஆனால் மாமா? நீங்கள் அப்பாவைக் கேட்டீர்கள், மாமாவைக் கேட்கவில்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது.

ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம் என்பது 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம். 'முதலில் அவனைத் தேடுங்கள், கிடைக்காவிட்டால் என்னிடம் வாருங்கள்' என்று மாமா சொல்ல முடியாது. நீங்கள் சார்ஜாவில், அவர் பள்ளிக்கூடத்தில் காலை ஒன்பது மணிக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பவர். யாரிடம் போவார்கள்? சீட்டு எடுத்தவர் தவணை தவறினால், நோட்டீஸ் கொடுத்து மிச்சம் இருக்கும் எல்லாத் தவணையையும் ஒரே மொத்தமாகக் கேட்க 1982-ஆம் வருஷத்துச் சீட்டு நிதிச் சட்டம் அனுமதிக்கிறது. மாதம் ஐயாயிரம் என்பது ஒரே நாளில் தொண்ணூறாயிரம் ஆகிவிடும். இது சிவில் கோர்ட்டுக்குக்கூட வராது. சீட்டுப் பதிவாளரிடம் போகும், அவர் போடும் உத்தரவு டிகிரி மாதிரி நிறைவேறும். சம்பளத்தில் பிடிக்கும் கணக்கு இப்படி: முதல் ஆயிரத்தையும், மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. பிடித்தத்துக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளம் 61,000 என்றால் மாதம் இருபதாயிரம் வரை போகும். அந்த உத்தரவு தலைமையாசிரியர் மேஜைக்கு வரும். பள்ளி முழுக்கத் தெரியும். உங்கள் கடன்களிலேயே சின்னது இதுதான், ஆனால் குடும்பத்தில் பேச்சுவார்த்தை நின்றுபோவது இதனால்தான். அக்கா மகனுக்காகக் கையெழுத்துப் போட்ட மனிதர் சம்பளத்தில் பிடித்தம் வந்த பிறகு அக்கா வீட்டுப் பொங்கலுக்கு வராமல் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

தங்கை பேருக்கு எழுதி வைக்கும் யோசனை யார் கொடுத்தது? பத்திர ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருப்பவராகத்தான் இருக்கும். கடன்காரர்களுக்குக் கிடைக்காமல் செய்யும் நோக்கத்தோடு சொத்தை மாற்றினால், அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யச் சொல்லி அவர்கள் வழக்குப் போடலாம்; சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 53-ஆவது பிரிவு. கிளம்புவதற்கு முந்தின வாரம் எழுதிய தானப் பத்திரத்தைப் பார்த்தால் எந்த நீதிபதிக்கும் விளக்கம் தேவைப்படாது. அதைவிட, கல்யாணம் ஆகாத தங்கையை ஒரு வழக்கில் பிரதிவாதி ஆக்கிவிட்டுப் போவீர்கள். பட்டறைச் சாமான்களைப் பற்றி நீங்கள் கவலைப்பட்டிருந்தால், அதற்கு அவசியமே இல்லை. கைத்தொழிலாளியின் கருவிகளை ஜப்தி செய்யக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது.

மஞ்சள் கடுதாசி, அதாவது திவால் மனு, கொடுத்துவிடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். நம் பக்கம் அதற்கு இன்னும் 1920-ஆம் வருஷத்துச் சட்டம்தான். வேடிக்கை பாருங்கள்: கடன்காரர்களுக்குத் தண்ணீர் காட்டும் நோக்கத்தோடு ஊரை விட்டு வெளியே போவதே 'திவாலான செயல்' என்று அந்தச் சட்டம் நூறு வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறது. அதை வைத்து அவர்களே உங்கள் மேல் ஐ.பி. மனு என்கிற திவால் மனுப் போடலாம். நீங்களாகப் போட்டாலும் கோர்ட் நியமிக்கும் ரிசீவரிடம் கணக்கு ஒப்படைத்து, கூப்பிடும்போதெல்லாம் வந்து நிற்க வேண்டும். மாதச் சம்பளம் வரப்போகிறவருக்கு அது தேவையில்லாத வேலை.

சரி, கிளம்புவதற்கு முன் என்ன செய்வது?

சீட்டு ஐயாயிரம், வங்கித் தவணை சுமார் பதின்மூவாயிரம், பெரியவருக்கு வட்டி ஆறாயிரம். மொத்தம் மாதம் 24,000. நீங்கள் மாதம் 35,000 அனுப்ப முடியும் என்றால் மிச்சம் பதினோராயிரம். அது முழுக்க கிரெடிட் கார்டுக்கு. கார்டு வட்டி உங்கள் பெரியவரின் ரெண்டு வட்டியை விடக் கொடுமையானது. வங்கியிடம் பேசி அதைத் தவணையாக மாற்றிக்கொண்டால் ஒன்றேகால் வருஷத்தில் தலை தூக்கிவிடலாம். பிறகு அந்தப் பணத்தைப் பெரியவரின் அசலுக்குத் திருப்புங்கள். 'செட்டில்மென்ட்' என்று பாதிக்கு முடிக்க வங்கி ஆசை காட்டும். சிபில் அறிக்கையில் 'முடிந்தது' என்று வராமல் 'செட்டில் செய்யப்பட்டது' என்று வரும். பிற்காலத்தில் வீட்டுக் கடன் கேட்கும்போது அந்த ஒரு வார்த்தை உட்கார்ந்திருக்கும். முடிந்தால் தவிருங்கள். நீங்கள் வெளிநாட்டு வேலைக்குப் போனதும் இங்குள்ள சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். மாற்றும்போது தவணை உத்தரவு அறுந்துபோகாமல் புதுக் கணக்கில் பதிந்திருக்கிறதா என்று வங்கியில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். வேண்டுமென்றே ஏமாற்றாமல், இந்த ஒரு கவனக்குறைவால் வாராக்கடன் ஆனவர்கள் நிறைய.

விசாவுக்கென்று புதுக் கடன் வாங்காதீர்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக முப்பதாயிரத்துக்கு மேல் வாங்கக் கூடாது, ஜி.எஸ்.டி. தனி. ஒன்றரை லட்சம் கேட்டால், கேட்பவர் யார் என்று முதலில் விசாரியுங்கள். அங்கே போனதும் கார்டும் கடனும் சுலபமாகக் கிடைக்கும். அதை வைத்துவிட்டு இங்கே ஓடிவரலாம் என்ற கதவும் சாத்தியாகிவிட்டது: 2020 ஜனவரியில் மத்திய அரசு போட்ட அறிவிப்புக்குப் பிறகு, அமீரகத்து சிவில் கோர்ட் டிகிரியை நம் மாவட்ட நீதிமன்றத்திலேயே நிறைவேற்றலாம்.

பெரியவரிடம் போன் பண்ணாதீர்கள், நேரில் போங்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கு அது மரியாதை, உங்களுக்குப் பக்கபலம். செவ்வாய்ப்பேட்டையில் பழைய ஆட்கள் சாயங்காலம் கடை சாத்தும் நேரத்தில் நிதானமாக இருப்பார்கள். எங்கே வேலை, என்ன சம்பளம், எந்தத் தேதி கிளம்புகிறீர்கள், மாதம் எந்தத் தேதிக்குள் பணம் வரும் என்று சொல்லிவிடுங்கள். கையோடு ஒரு தொகை கொடுங்கள், இருபதாயிரமாவது. அவர் பீரோவிலிருந்து மஞ்சப்பையை எடுப்பார்; ரப்பர் பேண்ட் போட்ட நோட்டுக் கட்டு இருக்கும். உங்கள் புரோநோட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் தேதி போட்டு வரவு எழுதச் சொல்லுங்கள். அந்த வரவின் கீழே நீங்களும் கையெழுத்துப் போட்டால் அன்றிலிருந்து புதிதாக மூன்று வருஷம் அவருக்குக் கிடைக்கும். அதை அவரிடம் நீங்களே சொல்லுங்கள். வழக்குப் போட வேண்டிய அவசரம் அவருக்கு இருக்காது. நீங்கள் அவர் கண்ணில் ஓடுகிறவனாகத் தெரிய மாட்டீர்கள். ஒரு கட்சிக்காரர் இப்படிச் செய்தபோது நான் கூட இருந்தேன். அந்தக் கடன்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரவை எழுதி முடித்துவிட்டு, 'போய்ட்டு வாப்பா, வட்டியை ஒன்றரையாப் போட்டுக்கலாம்' என்றார். நான் பேசி வைத்திருந்த பேரம் எதுவும் தேவைப்படவில்லை.

எல்லாரும் அப்படி இருக்க மாட்டார்கள். மசியாதவர் என்றால், ஏற்காடு அடிவாரம் போகிற பஸ்ஸில் ஏறி அஸ்தம்பட்டியில் இறங்குங்கள். கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுத்தால் செலவில்லாமல் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்தில் எழுதும் ராஜி கோர்ட் டிகிரிக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது. தவணை, தேதி எல்லாம் அதிலேயே எழுதிவிடலாம். வட்டி தண்டல், மீட்டர் என்று போகிற வகையாக இருந்தால் அது வேறு பாதை. 2003-ஆம் வருஷத்துக் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, போலீஸில் புகார் கொடுக்கலாம். உங்கள் பட்டியலில் அப்படி எதுவும் இல்லை. ரெண்டு வட்டிக்காரரைக் கந்துவட்டிக்காரர் என்று புகார் கொடுக்கச் சொல்லி யாராவது ஏற்றிவிட்டால் கேட்காதீர்கள்.

அப்பா பேருக்கு ஒரு பவர் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள்: வழக்கு நடத்த, வங்கியில் பேச, ராஜி எழுத. சொத்து விற்கும் அதிகாரத்தை அதில் சேர்க்காதீர்கள். சார்ஜா போன பிறகு இதை எழுத வேண்டும் என்றால் தூதரகக் கையெழுத்து, இங்கே வந்ததும் மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை என்று இழுக்கும். நம்பிக்கையான ஒரு வக்கீலிடம் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டு, தேதி போடாமல் கொடுத்து வையுங்கள். வீட்டில் எல்லாருக்கும் சொல்லுங்கள்: பதிவுத் தபால் எது வந்தாலும் வாங்குவது, பிரிப்பது, போட்டோ எடுத்து அன்றே அனுப்புவது. அந்தப் பதினைந்து நாளுக்குள் நீங்கள் பணம் அனுப்பிவிட்டால் செக் வழக்கே கிடையாது.

கடைசியாக அந்த இரண்டு செக். பெரியவர் திருப்பித் தரச் சம்மதிக்க மாட்டார், அவர் இடத்தில் இருந்தால் நானும் தர மாட்டேன். ஆனால் வரவு எழுதும் அதே நாளில், 'இன்ன நம்பர் செக் இரண்டும் இந்தப் புரோநோட்டுக் கடனுக்குப் பிணையாக மட்டும் என்னிடம் உள்ளன' என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள். பாதிக் கடன் முடிந்ததும் ஒன்றைத் திருப்பித் தருவதாகவும் அதில் இருக்கட்டும். அதற்கு நம்பர் வேண்டும். நீங்கள் நம்பரைக் குறித்து வைத்திருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும், யாரும் வைப்பதில்லை. இன்றைக்கே செக் புத்தகத்தைத் தேடி எடுத்து அடிக்கட்டையைப் பாருங்கள்.